குரங்கை நினைக்காமல் மருந்து குடிக்க முடியுமா?



என் வயது 36. பிளஸ் 2 வரை படித்தவள். கணவர் மளிகைக்கடை வைத்துள்ளார்; இரண்டு பிள்ளைகள். நான் டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. ஆனாலும், பிள்ளை பிறக்கிற ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டிய ஒரு விஷயத்தை, அருகில் இருந்து பார்த்தும், டாக்டரிடம் கேட்டும், தேடிப் படித்தும் தெரிந்து கொண்டேன். அதை எழுதாமல் இருக்க மனசு கேட்கவில்லை. கொஞ்சம் நீளமான கடிதம் தான், பொறுமையாகப் படியுங்கள்.

நம் வீடுகளில், மனசு சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தை தான்... 'பைத்தியம்!' கையை நாற்பது தடவை கழுவுகிறவளும் பைத்தியம். சுவரைப் பார்த்துப் பேசுகிறவளும் பைத்தியம். காய்ச்சல் என்றால் கூட, 'டைபாய்டா, டெங்குவா, மலேரியாவா' என்று பிரித்துக் கேட்கிறோம். மனசு விஷயத்தில் மட்டும் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி விடுகிறோம்.

இதனால் என்ன கெட்டுப் போகிறது என்று கேட்கிறீர்களா? ஒரு தாயிடமிருந்து, தேவையே இல்லாமல் பிள்ளையைப் பிரித்து விடுகிறோம். இன்னொரு தாயிடம், கட்டாயம் ஒரு ஆள் துணைக்கு இருக்க வேண்டிய நேரத்தில், 'எல்லாம் சரியாப் போயிடும்' என்று பிள்ளையைத் தனியாக விட்டு விடுகிறோம். இரண்டுமே ஆபத்து.

எனக்குத் தெரிந்த இரண்டு பெண்களின் கதையைச் சொல்கிறேன். பெயர், ஊர் வேண்டாம்.

முதலாவது, என் சித்தி மகள். வயது 26, தலைப் பிரசவம், பெண் குழந்தை. தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். அவர்கள் வீடு எங்கள் தெருவிலேயே இருப்பதால், தினமும் போய் வருவேன்.

பிள்ளை பிறந்து ஒரு மாதம் இருக்கும். அவள் நடவடிக்கை மாறத் துவங்கியது. குழந்தையைக் குளிப்பாட்ட மாட்டேன் என்றாள். அரிவாள்மனையை எடுத்துக் கொண்டு போய், கொல்லையில் விறகு அடுக்கிய இடத்தில் ஒளித்து வைத்தாள். மாடிக்கு, குழந்தையோடு போகவே மாட்டாள். சித்தி கடைக்குக் கிளம்பினால், 'என்னைத் தனியா விட்டுட்டுப் போகாதம்மா' என்று அழுவாள். ராத்திரியில் இருபது தடவை எழுந்து, குழந்தையின் மூக்கருகில் விரலை வைத்துப் பார்ப்பாள்.

'பச்சை உடம்புக்காரி... காத்து கருப்பு அடிச்சிருக்கு' என்றாள் ஒரு பாட்டி. தாயத்து கட்டினர். 'புள்ளைய அவகிட்ட குடுக்காதீங்க. பால் குடுக்குற நேரம் மட்டும் கொண்டு போய்க் காட்டுங்க' என்றார் இன்னொரு பெரியவர். அதையே செய்தனர். பதினோரு நாட்கள், குழந்தை ஒரு அறையில். தாய் ஒரு அறையில். அவள் இன்னும் மோசமானாள்.

ஒரு நாள், துணி துவைக்கிற கல் பக்கம் நின்று கொண்டிருந்த போது, என் கையைப் பிடித்துக் கொண்டாள்.

'அக்கா... ஒண்ணு சொன்னா என்னை வெறுத்துட மாட்டியே?'

'சொல்லுடி.'

'பாப்பாவைக் குளிப்பாட்ட உக்காந்தா, 'தண்ணியில அமுக்கிடு'ன்னு ஒரு நினைப்பு வருதுக்கா. அரிவாள்மனையைப் பார்த்தா, அதைவிட மோசமா வருது. எனக்குக் குலையே நடுங்குது. நான் பெத்த புள்ளைக்கா... நான் ராட்சசியா? எனக்குப் பைத்தியம் புடிச்சிடுச்சா?'

கேட்டதும் எனக்கும் திக்கென்றது. ஆனால், அவள் முகத்தைப் பார்த்தால், பிள்ளையைக் கொல்ல நினைக்கிற முகமாகத் தெரியவில்லை. பிள்ளைக்கு ஏதாவது ஆகி விடுமோ என்று செத்துக் கொண்டிருக்கிற முகம். மறுநாளே, சித்தியையும் அழைத்துக் கொண்டு, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம்.

அங்கே இருந்த பெண் டாக்டர், அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டார்.

'இந்த நினைப்பு வந்ததும் உனக்கு எப்படிம்மா இருக்கும்?'

'நடுக்கமா இருக்கும் டாக்டர்... அந்த இடத்தை விட்டு ஓடிடுவேன்.'

'காதுல யாராவது சொல்ற மாதிரி கேக்குதா... இல்ல உன் நினைப்பு தானா?'

'குரல் எல்லாம் இல்ல டாக்டர். என் மனசு தான்.'

'இந்தக் குழந்தையால ஏதோ கெடுதல் வரும், இது சாதாரணக் குழந்தை இல்லன்னு எப்பவாவது தோணிச்சா?'

'ஐயோ... இல்லவே இல்ல.'

'உன்னை நீயே முடிச்சுக்கணும்ன்னு தோணிச்சா?'

'இல்ல டாக்டர். நான் போயிட்டா பாப்பாவை யாரு பாப்பா?'

தூக்கம், சாப்பாடு, முன்பு ஏதாவது மனநோய் இருந்ததா, குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று எல்லாம் கேட்டு முடித்த பின், டாக்டர், சித்தியைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

'குழந்தையை அவ மடியில குடுங்கம்மா.'

சித்தி, பயந்து போய் என்னைப் பார்த்தார். 'குடுங்க... ஒண்ணும் ஆகாது' என்றார் டாக்டர். கொடுத்தோம். அப்படி ஒரு அழுகை அழுதாள்.

அவளுக்கு வந்திருந்தது, ஓ.சி.டி., என்ற நோய். தமிழில், 'எண்ணச் சுழற்சி நோய்' என்கின்றனர். நூற்றில் இரண்டு பேருக்காவது வாழ்நாளில் ஒரு முறை வரக்கூடியது. கர்ப்ப காலத்திலும், பிரசவத்துக்குப் பின்னும், புதிதாகத் தலை தூக்குவது உண்டு. கை கழுவுவது, பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பது மட்டும் தான் ஓ.சி.டி., என்று நாம் நினைக்கிறோம். வேண்டாத நினைப்பு, வேண்டாத காட்சி மட்டும் வந்து வாட்டுவதும் ஓ.சி.டி., தான். சாமி முன் நிற்கும் போது சாமியையே திட்டுகிற நினைப்பு, பெற்ற தாயைப் பற்றிக் கூச்சமான நினைப்பு, பிள்ளையைக் கொல்கிற நினைப்பு... இப்படி, யாருக்கு எது உயிரோ, அதையே தான் போய்க் குத்தும்.

'நல்லவங்களுக்கு இப்படி நினைப்பு வருமா?' என்று சித்தி கேட்டார். 'வராதவங்க தான் குறைச்சல்' என்றார் டாக்டர்.

அது உண்மை தான் என்று பிறகு படித்துத் தெரிந்து கொண்டேன். லண்டனில் ராக்மன் என்பவரும், இலங்கையில் பிறந்த பத்மல் டி சில்வா என்பவரும் நடத்தி, 1978ல் வெளியிட்ட ஆய்வில், எந்த நோயும் இல்லாத சாதாரண மனிதர்களிலேயே பத்தில் எட்டு பேருக்கு, இப்படிப்பட்ட வேண்டாத நினைப்புகள் வந்து போவது தெரிந்தது. பிள்ளை பெற்ற தாய்மார்களிடம் கனடாவில் கேட்டு, 2008ல் வெளியிட்டனர். 'குழந்தைக்குத் தற்செயலாக ஏதாவது ஆகி விடுமோ' என்ற நினைப்பு, அநேகமாக எல்லா தாய்க்கும் இருந்தது. 'நானே வேண்டுமென்று ஏதாவது செய்து விடுவேனோ' என்ற நினைப்பு, ஏறக்குறைய பாதிப் பேருக்கு வந்திருந்தது. பாதிப் பேர்! நம் தெருவிலும் எத்தனையோ பேருக்கு வந்திருக்கும். வெளியே சொன்னவள் தான் யாரும் இல்லை.

அப்படியானால், எல்லாருக்கும் வருகிற நினைப்பு, சிலருக்கு மட்டும் ஏன் நோயாகிறது?

'மருந்து குடிக்கும் போது குரங்கை நினைக்காதே' என்று ஒரு வைத்தியர் சொன்னாராம். அதற்குப் பின், மருந்தைக் கையில் எடுத்தாலே குரங்கு வந்து நின்றதாம். நம் பாட்டிகள் சொன்ன இந்தக் கதையையே, அமெரிக்காவில் டேனியல் வெக்னர் என்ற பேராசிரியர் பரீட்சை செய்து பார்த்து, 1987ல் வெளியிட்டார். மாணவர்களிடம், 'வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள். நினைப்பு வந்தால் மணி அடியுங்கள்' என்றார். மணி அடித்துக் கொண்டே இருந்ததாம்!

நமக்கு ஒரு அசட்டு நினைப்பு வந்தால், 'சீ... என்ன நினைப்பு இது' என்று உதறி விட்டு, அடுப்பில் பால் பொங்குவதைப் பார்க்கப் போய் விடுவோம். ஓ.சி.டி., உள்ளவரால் உதற முடியாது. 'நினைத்ததே செய்ததற்குச் சமம்' என்று எடுத்துக் கொள்வார். அந்த நினைப்பை விரட்டப் பார்ப்பார், கத்தியை ஒளிப்பார், நூறு தடவை கந்த சஷ்டி சொல்வார், 'நான் நல்லவ தானே, நான் செய்ய மாட்டேன் தானே' என்று ஓயாமல் கேட்பார். அப்போதைக்கு ஒரு நிம்மதி கிடைக்கும். ஆனால், 'நீ கத்தியை ஒளிச்சதால தான் பிள்ளை பிழைச்சது' என்று மனசு கணக்கு எழுதிக் கொள்ளும். அடுத்த முறை, பயம் இரண்டு மடங்காக வரும்.

இரண்டாவது பெண், என் கணவர் வழியில் தூரத்து உறவு. இது நடந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

அவளுக்கு ஆண் குழந்தை பிறந்து, ஆறாவது நாளிலிருந்து தூக்கமே இல்லை. குழந்தை தூங்கினால் கூட, இவள் தூங்க மாட்டாள், களைப்பும் தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, பரண் சாமான்களை இறக்கித் துடைப்பாள். பேச்சு, நிற்காமல் ஓடும். 'பிள்ளை பெத்த களைப்பே இல்ல, என்ன சுறுசுறுப்பு' என்று வீட்டில் பெருமைப்பட்டனர்.

எட்டாவது நாள், நிதானமாக, காபி குடித்துக் கொண்டே சொன்னாள்... 'இது என் புள்ள இல்ல. ஆஸ்பத்திரியில மாத்திட்டாங்க. டிவியில கூட, நேத்து அதைப் பத்தி தான் ஜாடையா சொன்னாங்க.'

'இல்லம்மா, இது உன் பிள்ளை தான்' என்று எத்தனை பேர் சொல்லியும், அவள் அசையவில்லை. சொல்கிறவர் மேல் தான் சந்தேகம் வந்தது. மாமியார் கொடுத்த பாலைக் குடிக்க மறுத்தாள்; அதில் ஏதோ கலந்திருக்கிறது என்றாள். சில நேரம் அழுகை, சில நேரம் சிரிப்பு. சில நேரம், இருக்கிற இடமே தெரியாத மாதிரி ஒரு பார்வை.

'பிரசவ ஜன்னி' என்று மூன்று நாட்கள் மந்திரித்துக் கொண்டிருந்தனர். குழந்தையைப் பார்க்க வந்த கிராம சுகாதார செவிலியர், அவள் பேசுவதை ஐந்து நிமிடம் கேட்டார். உடனே, '108' வண்டியை வரவழைத்து விட்டார். அந்தச் சகோதரி அன்று வராமல் இருந்திருந்தால் என்ன ஆகி இருக்கும் என்று நினைக்கவே பயமாக உள்ளது.

இவளுக்கு வந்தது, 'சைக்கோசிஸ்' வகை நோய். நிஜம் எது, தன் மனசு உண்டாக்கியது எது என்கிற பிரிவு தெரியாமல் போய் விடும். இல்லாத குரல் கேட்கும். நடக்காதது நடந்ததாக உறுதியாகத் தெரியும். மனச்சிதைவு நோயும் இந்த வகையில் ஒன்று. பிரசவத்துக்குப் பின் வருகிற சைக்கோசிஸ், ஆயிரம் பிரசவத்தில் ஒருவர் அல்லது இருவருக்கு வரும். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், திடுதிப்பென்று துவங்கும். முன்பே, 'பைபோலார்' என்கிற மனநோய் இருந்தவர்களுக்கும், முந்தைய பிரசவத்தில் இது வந்தவர்களுக்கும், வாய்ப்பு அதிகம். மாரடைப்பு மாதிரி, இதுவும் அவசர சிகிச்சைக்குரியது. நாள், கிழமை பார்க்கக் கூடாது.

இப்போது, இரண்டு பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். டாக்டர் எங்களுக்குச் சொன்ன வித்தியாசங்களை, எனக்குப் புரிந்த விதத்தில் எழுதுகிறேன்:

1. பயம் யார் மேல்? என் தங்கைக்கு, தன் மேலேயே பயம். இரண்டாமவளுக்கு, தன் மேல் எந்தச் சந்தேகமும் இல்லை. மற்றவர் மேல் தான் சந்தேகம்.

2. நினைப்பு யாருடையது? ஓ.சி.டி.,யில், 'இது என் மனசு தான். ஆனா, நான் விரும்பாத நினைப்பு' என்பார். சைக்கோசிசில், 'வெளியே இருந்து குரல் கட்டளை போடுது. யாரோ என் மண்டைக்குள்ள நினைப்பைத் திணிக்கிறாங்க' என்பார்.

3. நினைப்போடு சண்டையா, சம்மதமா? ஓ.சி.டி., உள்ளவர், அந்த நினைப்பை அருவருப்பார், தப்பித்து ஓடுவார், பிள்ளையைக் காப்பாற்ற, தன்னையே பிள்ளையிடமிருந்து விலக்குவார். சைக்கோசிசில், அந்த நம்பிக்கை அவருக்கு நியாயமாகவே படும். 'குழந்தைக்குள்ள கெட்ட சக்தி இருக்கு. நான் தான் அதைக் காப்பாத்தணும்' என்று கூடச் செய்யத் துணியலாம்.

4. 'எனக்குப் பைத்தியமா?' என்ற கேள்வி. ஓ.சி.டி., உள்ளவர் இதை நூறு தடவை கேட்பார். சைக்கோசிஸ் முற்றிய நிலையில், பெரும்பாலும் கேட்க மாட்டார். 'எனக்கு ஒண்ணும் இல்ல, உங்களுக்குத் தான்' என்பார்.

5. தூக்கமும், நிதானமும். ஓ.சி.டி.,யில், பயத்தால் தூக்கம் கெடும். ஆனால், பேச்சு கோர்வையாக இருக்கும். நாள், இடம், ஆள் தெரியும். பிரசவ சைக்கோசிசில், தூக்கமே தேவையில்லாத மாதிரி இருக்கும். பேச்சு அறுந்து அறுந்து போகும். மணிக்கொரு குணம் மாறும்.

இதை வைத்து, 'நானே கண்டுபிடிச்சுட்டேன்' என்று யாரும் வீட்டிலேயே வைத்தியம் பார்த்து விடாதீர்கள். எல்லாரும் இப்படிக் கோடு போட்ட மாதிரி இருப்பதில்லை. ஓ.சி.டி.,யில் சிலர், தன் பயம் நிஜம் என்றே நம்பி விடுவர். சைக்கோசிஸ் ஆரம்பத்தில் சிலருக்கு, 'எனக்கு ஏதோ ஆகுது' என்று புரியும். அரிதாக, இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம். கடுமையான மனச்சோர்வோடு சேர்ந்தும் இப்படி நினைப்பு வரும். அதில் தற்கொலை ஆபத்து உண்டு. பிரித்துச் சொல்வது டாக்டர் வேலை. 'இது இரண்டு விதம்' என்று தெரிந்து வைத்திருப்பதும், டாக்டரிடம் சரியாக எடுத்துச் சொல்வதும் தான் நம் வேலை.

ஓ.சி.டி., முற்றினால் பைத்தியமாகி விடும் என்று பயப்படுகிறவர் நிறைய. அது வேறு நோய், இது வேறு நோய். பொதுவாக ஒன்று இன்னொன்றாக மாறுவதில்லை. ஓ.சி.டி.,யால் வருகிற இந்த நினைப்பு காரணமாகவே ஒரு தாய் பிள்ளைக்குத் தீங்கு செய்து விடுவாள் என்ற பயமும் வேண்டாம்.

இனி, வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது. இதற்குத் தான் இவ்வளவு தூரம் எழுதினேன். இரண்டுக்கும் வைத்தியம், நேர் எதிர்!

ஓ.சி.டி., என்று டாக்டர் உறுதியாகச் சொல்லி விட்டால், குழந்தையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால், 'நான் ஆபத்தானவள் தான் போல... இவங்களே நம்பிட்டாங்க' என்று நோய் வேர் விடும். என் தங்கைக்கு, டாக்டரும், மனநல ஆலோசகரும், படிப்படியாகப் பயிற்சி கொடுத்தனர். முதல் வாரம், சித்தி வாசற்படியில் உட்கார்ந்திருக்க, இவள் குளிப்பாட்ட வேண்டும். அடுத்து, சித்தி கூடத்தில், பிறகு, தனியாக. குழந்தை பாயில் படுத்திருக்க, அதே அறையில் அரிவாள்மனையில் காய் நறுக்க வேண்டும். நினைப்பு வந்தால் விரட்டக் கூடாது, ஓடக் கூடாது, வரட்டும் என்று விட்டு, கை வேலையைப் பார்க்க வேண்டும். பயம், அலை மாதிரி ஏறும். கொஞ்ச நேரத்தில் தானே இறங்கும். இறங்குகிறது என்பதை உடம்பு கற்றுக் கொள்ள வேண்டும். அது தான் பயிற்சி.

எங்களுக்கும் ஒரு கட்டளை போட்டார் டாக்டர். 'நான் நல்லவ தானே?' என்று அவள் கேட்டால், 'ஆமாண்டி தங்கம்' என்று பதில் சொல்லக் கூடாது! கேட்க கொடுமையாக இருந்தது. ஆனால், நாம் சொல்கிற ஆறுதலே அவளுக்குப் போதை மாதிரி ஆகி விடுகிறதாம். 'உனக்கு பயமா இருக்குன்னு தெரியுது. டாக்டர் சொன்னபடி, இதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். வா, வெங்காயம் உரிக்கலாம்' என்று சொல்லப் பழகினோம்.

கூடவே, மாத்திரையும் கொடுத்தார். தாய்ப்பால் கொடுப்பதை முதலிலேயே சொல்லி விட்டதால், அதற்கு ஏற்றதாகப் பார்த்து எழுதினார். ஓ.சி.டி.,க்கான மாத்திரை, தலைவலி மாத்திரை மாதிரி உடனே கேட்காது. முழுப் பலன் தெரிய, எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கூட ஆகும். 'பத்து நாள் சாப்பிட்டேன், ஒண்ணும் ஆகல' என்று தூக்கி எறியக் கூடாது. சரியாகி விட்டது என்று நாமாக நிறுத்தவும் கூடாது. அவளுக்கு, மூன்றாம் மாதத்தில் தான் முகத்தில் பழைய சிரிப்பு வந்தது. இப்போதும் எப்போதாவது அந்த நினைப்பு எட்டிப் பார்க்குமாம். 'வந்துட்டியா... ஓரமா உக்காரு' என்று சொல்லி விட்டு, வேலையைப் பார்க்கிறாள்.

சைக்கோசிஸ் என்ற சந்தேகம் இருந்தால், இதில் ஒன்றையும் செய்யக் கூடாது. பயிற்சி கொடுக்கிறேன் என்று, தாயையும் பிள்ளையையும் தனியே விடுவது பெரிய ஆபத்து. ஒரு நிமிடம் கூட, தாயைத் தனியே விடக் கூடாது. குழந்தையை, அவளிடம் தனியே விடக் கூடாது. வாதாடக் கூடாது, திட்டக் கூடாது, அடிக்கவே கூடாது. அவள் சொல்வதை ஆமோதிக்கவும் வேண்டாம், மறுத்துச் சண்டை போடவும் வேண்டாம், 'நீ ரொம்ப பயந்து போயிருக்க, தூங்கி நாளாச்சு, வா, டாக்டரைப் பாத்துட்டு வரலாம்' என்று அழைத்துப் போங்கள். பெரும்பாலும், மருத்துவமனையில் சேர்த்துத் தான் பார்ப்பர்.

கேட்கும் போது பயமாக இருந்தாலும், இது குணமாகிற நோய். அந்த உறவுக்காரப் பெண், சில வாரத்தில் தெளிந்து, சில மாதங்களில் பழைய ஆளானாள். அந்தப் பிள்ளை, இப்போது நான்காம் வகுப்பு படிக்கிறான். அவள், வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு, ஜாக்கெட் தைக்கிறாள். இரண்டாவது முறை கர்ப்பமான போது, முதல் மாதமே மனநல டாக்டரிடம் போய்ச் சொல்லி விட்டாள். அவர்கள் முன்கூட்டியே ஏற்பாடாக இருந்ததால், அந்தப் பிரசவம் நல்லபடியாகவே முடிந்தது.

'மனநல ஆஸ்பத்திரியா? ஊர் என்ன சொல்லும்?' என்பது தான், நம்மைத் தடுக்கிற பெரிய சுவர். சென்னையில், 1794ல் துவங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் பெயரையே, சினிமாவிலும், தெருவிலும் வசவு வார்த்தையாக்கி விட்டோம். அதே மருத்துவமனைக்கு, 1961லிருந்து தலைமை வகித்தவர், டாக்டர் சாரதா மேனன் என்ற பெண்மணி; இந்தியாவின் முதல் பெண் மனநல டாக்டர். பின்னர், 1984ல், மனச்சிதைவு நோயாளிகளுக்காகவே, 'ஸ்கார்ப்' என்ற அமைப்பைத் துவக்கினார். அப்படிப்பட்டவர்கள் பாடுபட்ட இடம் அது. வெட்கப்பட என்ன இருக்கிறது?

வெட்கப்பட்டு, சிகிச்சைக்குப் பதில் சங்கிலியில் கட்டினால் என்ன ஆகும் என்பதை, 2001, ஆகஸ்ட் 6ல் ஏர்வாடியில் பார்த்தோம். கொட்டகையில் தீப்பிடித்து, கட்டிப் போடப்பட்டிருந்த மனநோயாளிகள், 28 பேர் இறந்தனர். இப்போது, சட்டமே மாறி விட்டது. 2017ம் ஆண்டு மனநல சட்டப்படி, மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவது குற்றம். அதே சட்டத்தில், நமக்காகவே ஒரு பிரிவு உள்ளது... மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையை, சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து என்று டாக்டர் கருதினால் மட்டுமே, தற்காலிகமாகப் பிரிக்கலாம். பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனையில், தாயையும், சேயையும் ஒன்றாகவே சேர்த்துச் சிகிச்சை தருகிற பிரிவு, 2009லிருந்து இருக்கிறது. 'ஆஸ்பத்திரிக்குப் போனா புள்ளைய புடுங்கிப்பாங்க' என்று பயந்து வாயை மூடிக் கொள்கிற தாய்மார்களுக்கு, இதை எடுத்துச் சொல்லுங்கள்.

எங்கே போவது என்று தெரியாவிட்டால், 14416 என்ற எண்ணுக்கு, 'டெலி மானஸ்' சேவைக்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசு, 2022ல் துவக்கியது, இரவு, பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால், யோசிக்காமல், 108!

மாமியார்களே, அம்மாக்களே... பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் பார்க்கிறோம். பால் ஊற, பூண்டு வதக்கிப் போடுகிறோம். தலைக்கு ஊற்றி, சாம்பிராணிப் புகை காட்டுகிறோம். அதோடு, தினமும் ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள்... 'உன் மனசு எப்படிம்மா இருக்கு? ராத்திரி தூங்குனியா?' அவள் சொல்கிற பதில் எவ்வளவு பயங்கரமாக இருந்தாலும், முகத்தைச் சுளிக்காமல் கேளுங்கள். சுளித்தால், அடுத்த முறை சொல்ல மாட்டாள்.

பிள்ளை பெற்று, யாரிடமும் சொல்ல முடியாத நினைப்பை மனசில் வைத்துப் புழுங்கிக் கொண்டு, இதைப் படிக்கிற தங்கையே... அந்த நினைப்பைக் கண்டு இவ்வளவு துடிக்கிறாயே, உன் பிள்ளை மேல் உனக்கு எவ்வளவு ஆசை என்பது அதிலேயே தெரிகிறது. ராட்சசிகள் இப்படி அழ மாட்டார்கள். வீட்டில் ஒருவரிடம், இன்றைக்கே வாயைத் திறந்து சொல். நாளைக்கே டாக்டரைப் பார்!

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
தஞ்சாவூர் மாவட்டம்.